சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வீடு

மோகன்ராஜ் ஓர் எழவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பதினோரு வருஷம் பிந்திவிட்டது. ஏன் பிந்தியது என்று கேட்டால், கோயமுத்தூர் மத்திய சிறையில் இருந்தேன் என்று சொல்வான். சிறைக்கு ஏன் போனாய் என்று கேட்டால், அந்த எழவுக்குப் போகாததால்தான் என்று சொல்வான். கேட்கிறவருக்குத் தலை சுற்றும். அவனுக்குச் சுற்றிச் சுற்றி நின்றுபோய் வெகுநாளாகிவிட்டது.

எழவு வீட்டுக்கென்று தனி நடைமுறை உண்டு. திருப்பூர்ப் பக்கம் கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறவனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த "வாங்க" எழவு வீட்டில் மட்டும் கிடையாது. வந்தவர் தாமாக உள்ளே போய் உட்கார வேண்டும். கிளம்பும்போதும் "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லக் கூடாது. இந்த மாதிரிக் காரியத்துக்கு இன்னொரு தடவை வருவானேன் என்பது அர்த்தம். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பேசாமல் நடையைக் கட்ட வேண்டும்.

செத்தவன் பூபதி. நல்லூரில் ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் தைத்தார்கள். மோகன்ராஜ் ஓவர்லாக் மெஷினில் பனியன் கையைத் தைத்துச் சேர்த்துத் தள்ளினால், பூபதி கீழ்மடிப்பை அடித்து முடிப்பான். வீடும் ஒரே தெருவில். மத்தியானச் சாப்பாடு பூபதி வீட்டிலிருந்து தூக்குப் போசியில் வரும், இரண்டு பேருக்கும் சேர்த்து. பூபதியின் அம்மா ராமாத்தாள் கட்டிக் கொடுக்கிற சோறு அது. மோகன்ராஜுக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால், ராமாத்தாளைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வேளா வேளைக்கு அந்த வீட்டில் நுழைந்து பழகிவிட்டான். ரத்த சொந்தம் ஒன்றுமில்லை. சோத்துச் சொந்தம்தான்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு லாட் பனியன் முழுக்க வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டார்கள். கைப் பண்டலை மாற்றி எடுத்துக் கொடுத்தது பூபதி என்று மோகன்ராஜ் சொன்னான். பார்க்காமல் தைத்தது யார் தப்பு என்று பூபதி கேட்டான். மொத்தத்தையும் பிரித்துத் தைக்க வேண்டும், அதற்குக் கூலியும் கிடையாது. வாய்ச்சண்டை முற்றி, "உன்னையக் கொல்லாம உடமாட்டன்டா" என்று மோகன்ராஜ் கத்தினான். பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பத்துப் பேரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. ஆனால் மறுநாள் சாயங்காலம் பூபதி கம்பெனிக்குப் பின்னால், வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அத்தனை பேர் காதிலும் வேறு மாதிரி ஒலித்தது.

சேதி தெரிந்ததும் மோகன்ராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடத்தான் பார்த்தான். மனைவி அன்புசெல்வி கதவை மறித்து நின்றாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. இது மூன்றாவது. முதல் கர்ப்பத்தின்போது மோகன்ராஜ் ஒரு பங்காளி எழவுக்குப் போய்ப் பாடையைத் தோளில் வாங்கினான். அந்த வாரமே கலைந்தது. இரண்டாவது காரணமே இல்லாமல் கலைந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் புருஷன் பிணத்தின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று மாதம் முடிகிறவரைக்கும் விஷயத்தை வெளியே விடக் கூடாது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கடைப்பிடித்தால் ஒரு மனுஷன் என்ன ஆவான் என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

"எனக்கு இந்தப் புள்ளையாச்சும் வேணுமுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறன்" என்று அன்புசெல்வி அழுதாள்.

அவன் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, நாலு வீடு தள்ளிக் கேட்கும் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். உயிர்ச் சினேகிதனுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியவில்லையே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அந்தச் சத்தம் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்து கதவைத் தட்டியது.

வழக்கு ஒன்றும் பெரிய சிக்கலான வழக்கில்லை. முந்தின நாள் சண்டை போட்டிருக்கிறான். அவன் முழங்கையில் ஒரு கீறல் இருந்தது. கத்தரி பட்டதென்று அவன் சொன்னான், நகம் பட்டதென்று அவர்கள் எழுதினார்கள். பூபதியின் நகத்தில் ஒட்டியிருந்த ரத்தம் ஓ குரூப், மோகன்ராஜும் ஓ குரூப். நல்லூர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவராகக் கேட்டிருந்தால் பாதி பஸ்ஸை அதே காரணத்துக்காகக் கைது செய்திருக்கலாம்.

அவன் தலையில் கடைசிக் கல்லைப் போட்டது ராமாத்தாள். கூண்டில் ஏறி நின்று அவள் நிறையப் பேசவில்லை.

"என்ர மவன் செத்ததுக்கு ஊரே வந்துச்சுங்க. என்ர கையில தின்னவன் இவன் ஒருத்தன் மட்டும் வரலீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மனைவி கர்ப்பமாக இருந்தாள், அதனால்தான் போகவில்லை என்று மோகன்ராஜ் சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் முறை என்று அவன் சொன்னது எழுத்தில் ஏறவேயில்லை. நெருங்கிய நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் குற்றம் சாட்டப்பட்டவர் இறுதிச் சடங்குக்குக்கூட வராதது இயல்பான மனித நடத்தை அல்ல என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஆயுள் தண்டனை.

அன்புசெல்வி நல்லூர் வீட்டைக் காலி செய்து அவிநாசிபாளையத்தில் தாய்வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். பிள்ளை அங்கே பிறந்தது. பெண். யாழினி என்று பேர் வைத்தார்கள். அப்பனை அவள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம்தான் பார்த்து வளர்ந்தாள்.

வருஷங்கள் போன பிறகு, இலவசச் சட்ட உதவியில் அருள்செல்வன் என்ற வக்கீல் அந்த வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. நகத்தை வெட்டி எடுத்தார்களே, அதில் குரூப் மட்டும் பார்த்தால் போதுமா? அந்த நகத்துண்டுகள் காகித உறையில், அரக்குச் சீலோடு, கோர்ட்டின் பொருள் அறையில் இத்தனை காலமும் யாரும் தொடாமல் கிடந்தன. ஐகோர்ட் அனுமதி கொடுத்தது. சிறையிலேயே மோகன்ராஜிடம் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தது. நகத்தில் இருந்தது ஓர் ஆணின் ரத்தமும் தோலும், அந்த ஆண் மோகன்ராஜ் இல்லை. சண்டை போட்டுப் பிறாண்டிச் செத்தவன், தன்னைக் கொன்றது தன் சினேகிதன் இல்லை என்பதைத் தன் நகத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த ஆண் யார் என்பது இன்று வரைக்கும் தெரியாது. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ. டி.என்.ஏ. யார் இல்லை என்று சொன்னது. யார் என்று சொல்லவில்லை.

மோகன்ராஜை ஐகோர்ட் விடுதலை செய்த அன்று டி.வி.காரர்கள் நல்லூரில் போய் ராமாத்தாளின் வாயருகே மைக்கை நீட்டினார்கள். அவள் கேமராவைப் பார்க்கவேயில்லை.

"மெஷினு என்ன வேணாலும் சொல்லட்டுங்க. என்ர மவன் எழவுக்கு வராதவன் எவனோ, அவன்தான் கொன்னவன்."

அவிநாசிபாளையத்தில் அதை எல்லோரும் பார்த்தார்கள். யாழினியும் பார்த்தாள். மோகன்ராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான்.

அதற்குப் பிறகு அவனுக்கு நினைப்பு ஒன்றே ஒன்றுதான். பெரியம்மா நம்ப வேண்டும். வேலைக்கு ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றான். நஷ்டஈடு கேட்டு மனுப் போடலாம் என்று வக்கீல் சொன்னார், அதற்கும் அப்புறம் என்றான். யாழினி அவனை "நீங்க" என்று கூப்பிட்டாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அதுகூடப் போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டான். எழவு விசாரிக்கப் போக வேண்டியதை மட்டும் அவனால் தள்ளிப்போட முடியவில்லை.

"நான் பெரீம்மாவப் பாக்கப் போறன்" என்று ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னான்.

அன்புசெல்வி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க? வெளக்கமாத்தால அடிவாங்கவா? ஐகோர்ட்டே நீங்க இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அது பத்தலீங்களா?"

"ஐகோர்ட்டு எனக்குச் சோறு போடலியே, அம்முணி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு நான்தானுங்க உங்களப் போக உடல. நானும் வர்றன். என்னையத் திட்டட்டும். என்னைய அடிக்கட்டும்."

"நீ வேண்டாம். நான் போகாத எழவு, நான்தான் போகோணும்."

செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்க ஆகாத நாள். எனவே புதன்கிழமை காலையில் வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் இந்தியில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இவன் யாரென்று தெரியாது. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

நல்லூரில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் மாடி ஏறியிருந்தன. பூபதி வீடு அப்படியே ஓட்டு வீடாகவே நின்றது. கதவு திறந்திருந்தது. ராமாத்தாள் முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து, பனியன் குவியலை மடியில் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கையில் சின்னக் கத்தரி. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

யாரென்று தெரிந்துவிட்டது. கத்தரி நின்றது. "வாங்க" என்று சொல்லவில்லை.

மோகன்ராஜ் வாசலிலேயே நின்றான். வராதே என்பதற்காக அவள் சொல்லாமல் இருக்கிறாளா, எழவு கேட்க வந்தவனுக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்லாமல் இருக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் ஆகட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான். சுவரில் பூபதி மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் அவனுக்கு வயதாகவில்லை. மோகன்ராஜ் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

அவள் மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள். நறுக் நறுக்கென்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"டெஸ்ட்டுல நீ இல்லைன்னு வந்துருச்சாமா" என்றாள் கடைசியில், துணியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க."

"அப்ப யாரு?"

"தெரியலீங்க, பெரீம்மா."

"பதினோரு வருசமா உன்னையத் திட்டித்தான் நான் சோறு தின்னுட்டு இருக்கறன். இப்ப நீ இல்லீன்னா நான் யாரத் திட்டறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுடைய நியாயம் அவனுக்குப் புரிந்தது. கோபப்பட ஒரு ஆள் இருந்தான், அவனையும் கோர்ட்டு பிடுங்கிக்கொண்டுபோய்விட்டது.

"சரி, அது கெடக்கட்டும்" என்று கத்தரியைக் கீழே வைத்தாள். இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "கொன்னியோ, கொல்லுலியோ. அவனுக்கு ஏன்டா வரல? சொல்லு. ஒரு எட்டு வந்து மொகத்தப் பாக்காமப் போனியே, ஏன்டா?"

"ஊட்டுல அவ முழுகாம இருந்தாங்க, பெரீம்மா. அதுக்கு முந்தி ரெண்டு கலைஞ்சுபோச்சு. போவேண்டாம்னு காலப் புடிச்சா."

"இதத்தான் கோர்ட்டுலயும் சொன்னியாமா. சனங்க சொன்னாங்க. மாட்டிக்கிட்டதும் பொண்டாட்டி வயித்தச் சாக்குச் சொல்றான்னு நான் காறித் துப்புனேன்."

"நெசமுங்க."

"நெசமோ, பொய்யோ, எனக்கெப்படித் தெரியும்? அவ ஊட்டக் காலி பண்ணீட்டுப் போய்ட்டா. புள்ள பொறந்துச்சுன்னு காதுல உழுந்துச்சு. என்ன மாசம், என்ன நாளுன்னு நான் எதுக்குக் கேக்கறன்?" சற்று நிறுத்தினாள். அப்புறம் விருப்பமில்லாதவள் போலக் கேட்டாள். "எந்த மாசம் பொறந்துச்சு?"

"ஆடிங்க."

"அதே வருசமா?"

"பூபதி தவறுன கார்த்திகைக்கு அடுத்து வந்த ஆடிங்க, பெரீம்மா. ஆடிப் பொறப்பு தாண்டி நாலஞ்சு நாளுல."

ராமாத்தாளின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. கட்டைவிரலால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்தாள். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ஆடி, ஆனி, வைகாசி என்று பின்னாலேயே போனாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்கு வந்தது. மாசி, தை, மார்கழி. கார்த்திகை வந்தபோது அந்த விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு அதையும் மடக்கி, கடைசி விரலாக ஐப்பசியையும் மடக்கினாள். இரண்டு கையும் மூடியிருந்தன.

"ரெண்டாம் மாசம்" என்றாள்.

"ஆமாங்க."

"மூணாவது புள்ள."

"ஆமாங்க."

"ரெண்டு கலைஞ்ச வயிறு."

அவன் தலையை ஆட்டினான். ராமாத்தாளும் பிள்ளை பெற்றவள்தான். பூபதிக்கு முன்னால் அவளுக்கும் ஒன்று தங்காமல் போயிருக்கிறது. அது தெருவுக்கே தெரியும்.

"எங்கிட்டயாச்சும் காதுல போட்டிருக்கலாமல்லடா" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அந்தத் தூக்குப் போசியத் திருப்பிக் குடுக்க வர்றப்பவாச்சும்?"

"மூணு மாசம் முடியட்டும், உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு இருந்தமுங்க. பூபதிக்கும் தெரியாது."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. "நானா இருந்தாலும் உட்டிருக்க மாட்டன்டா. எம்புருசன நானும் உட்டிருக்க மாட்டன். கூண்டுல ஏறி என்னத்தச் சொல்லிப்போட்டு வந்தேன்... என்னத்தச் சொல்லிப்போட்டு வந்தேன்."

மன்னிப்பு என்கிற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. அந்தத் தெருவில் யாரும் அந்தச் சொல்லைப் புழங்குவதில்லை. மோகன்ராஜ் படத்தை நிமிர்ந்து பார்த்தான். பதினோரு வருஷமாக வழக்கு, வாய்தா, அப்பீல் என்று ஓடியதில், பூபதி செத்துப்போனதற்காக அவன் ஒரு தடவைகூட அழவில்லை. தன் கதியை நினைத்து அழுதிருக்கிறான். பூபதிக்காக அழுததில்லை. இப்போது அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான், அடங்கவில்லை. பண்டலை மாற்றிக் கொடுத்தது பூபதியா, பார்க்காமல் தைத்தது தானா என்று இன்னமும் தெரியவில்லையே என்று நினைத்து, அதற்கும் சேர்த்து அழுதான். ராமாத்தாள் தரையில் நகர்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எஞ்சாமி, எங்கொலமே, உன்ர கூட்டாளி வந்திருக்கறான் பாரு" என்று படத்தைப் பார்த்து ராகமிழுத்து அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. யாரோ வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

அழுது முடிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெட்டாத பனியன்கள் மடியிலிருந்து சரிந்து தரையெல்லாம் கிடந்தன. மோகன்ராஜ் அவற்றைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கி அவள் பக்கத்தில் வைத்தான். அப்புறம் எழுந்தான். முறை அவனுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டான். இரண்டாவது படியில் கால் வைத்திருந்தான்.

"கண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நின்றான்.

"சொல்லீட்டுப் போ."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எழவு விசாரித்துவிட்டுப் போகிறவனை யாரும் அப்படிக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல மாட்டார்கள். திரும்பிப் பார்த்தான். ராமாத்தாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போயிட்டு வர்றனுங்க, பெரீம்மா" என்றான்.

"வா" என்றாள் அவள். "வர்றப்ப அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வா. நான் இன்னும் பாக்கலியே."